காலி சிலிண்டருக்கும் ஓர் ஒத்திகை வேண்டும்



தீயணைப்புத் துறையினர் அவ்வப்போது நமது கடைத்தெருக்களுக்கு வந்து ஒத்திகை நடத்துகிறார்கள். சிலிண்டரை வெட்டவெளியில் வைத்துத் தீ மூட்டுகிறார்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டுகிறார்கள். நாமும் கல்லாவை விட்டு இறங்கி வந்து பார்க்கிறோம். நெடுஞ்சாலைகளில் டேங்கர் லாரி கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதற்கும், எரிவாயு நிரப்பும் ஆலைகளில் கசிவு ஏற்பட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒத்திகைகள் நடக்கின்றன. இவையெல்லாம் தேவையானவை. உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நிரம்பிய சிலிண்டரில் தீப்பற்றினால் என்ன செய்வது என்று பழகிக்கொண்ட நாம், சிலிண்டரே வராமல் போனால் என்ன செய்வது என்று பழகிப் பார்ப்பதில்லை. தட்டுப்பாடு வந்த பிறகு ஏஜென்சி வாசலில் கூடுகிறோம். கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். நிலைமை சீரானதும் மறந்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாமக்கல் லாரிகள் சொன்ன பாடம்

2025 மார்ச் 27 அன்று தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள், எண்ணெய் நிறுவனங்களின் புதிய வாடகை ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நாமக்கல்லை மையமாகக் கொண்ட இந்த லாரிகளை நம்பித்தான் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகிய இடங்களின் அடுப்புகள் எரிகின்றன. பேச்சுவார்த்தைக்குப் பின் நான்காம் நாள் போராட்டம் கைவிடப்பட்டது. ஆலைகளில் இருப்பு இருந்ததால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. லாரி உரிமையாளர்களும் நம்மைப் போல முதல் போட்டுத் தொழில் செய்பவர்கள்தான். அவர்கள் கோரிக்கையின் நியாய அநியாயத்தை இங்கே பேச வரவில்லை. நான்கு நாள் என்பது பதினான்கு நாளாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே நமது கேள்வி.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 18 டன் ஏற்றும் டேங்கர் லாரி ஒன்று வந்தால் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் ஏறத்தாழ 1,267 நிரப்பலாம். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் என்றால் 947 நிரப்பலாம். ஒரே ஒரு லாரி ஒரு நடை வராமல் நின்றால் ஒரு நடுத்தர ஊரின் டீக்கடை, மெஸ், பேக்கரி அத்தனைக்கும் போதுமான சிலிண்டர்கள் நிரம்பாமல் நிற்கும்.

லாரி மட்டும்தான் காரணமாக இருக்கும் என்பதும் இல்லை. 2023-24ஆம் ஆண்டில் இந்தியாவில் செலவான சமையல் எரிவாயு ஏறத்தாழ 3 கோடி டன். உள்நாட்டில் உற்பத்தியானது ஏறத்தாழ 1.3 கோடி டன்தான். மீதி கப்பலில் வந்தது. அதிலும் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து வந்தது. அங்கே கடல்வழியில் தடை வந்தாலும் நமக்குத் தட்டுப்பாடுதான். உள்ளூரில் வழி அறுந்தாலும் தட்டுப்பாடுதான். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. சாலைகளும் ரயில் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் ஆலையில் மலைபோல் சிலிண்டர் இருந்தும் பயனில்லை. கடைவாசலுக்கு அது வந்து சேராது. ஆகவே, துறைமுகம், டேங்கர் லாரி, நிரப்பும் ஆலை, ஏஜென்சி வண்டி என்ற இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் அடி விழுவது கடைசிக் கண்ணியான நம் மீதுதான்.

மளிகைக் கடைக்கு இதில் என்ன?

“டீக்கடைக்காரரும் ஓட்டல்காரரும் கவலைப்பட வேண்டிய விஷயம், அரிசி, பருப்பு விற்கும் நமக்கு என்ன?” என்று சில அன்பர்கள் நினைக்கலாம். அவர்கள் தங்கள் பேரேட்டை ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.

நமது சில்லரைக் கடைகளிலும் மண்டிகளிலும் வாரக் கணக்கு வைத்துச் சரக்கு எடுப்பவர்கள் யார்? டீக்கடை, மெஸ், தள்ளுவண்டி டிபன் கடை, பலகாரக் கடை, பேக்கரி, சமையல் காண்டிராக்டர். இவர்கள் அடுப்பு அணைந்தால் அடுத்த நாளே நமக்கு ஆர்டர் நின்றுவிடும். அது முதல் நஷ்டம். எடுத்த சரக்குக்குத் தர வேண்டிய பாக்கியும் நின்றுவிடும். அது இரண்டாவது நஷ்டம், பெரிய நஷ்டம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: ஒரு மளிகைக் கடைக்கு இப்படி 40 வாடிக்கையாளர்கள், தலைக்கு வாரம் 3,000 ரூபாய் கடன் என்றால், ஒரு வாரத்தில் 1,20,000 ரூபாய் வெளியே நிற்கிறது. அடுப்பு எரிந்தால்தான் அந்தப் பணம் திரும்பும். அதே நேரத்தில் மொத்த வியாபாரிக்கு நாம் கட்ட வேண்டிய தவணை நிற்காது. வங்கி வட்டி நிற்காது. கடைப் பையனின் சம்பளம் நிற்காது.

சரக்கின் போக்கும் மாறிவிடும். மைதா, டின் எண்ணெய், டீத்தூள், மசாலா எல்லாம் அப்படியே தேங்கும். மறுபக்கம் வீட்டுக்காரர்கள் அவல், பொரி, ரொட்டி, பிஸ்கட், சத்துமாவு என்று கேட்டு வருவார்கள். சிலிண்டர் இல்லை என்ற பேச்சு கிளம்பினால், அரிசியும் எண்ணெயும் இல்லாமல் போகும் என்ற வதந்தியும் கூடவே கிளம்பும். அந்தக் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது, ஒருவருக்கு எவ்வளவு கொடுப்பது, என்ன விலை சொல்வது என்று முன்னமே யோசித்து வைக்காத கடைக்காரருக்குப் பதுக்கல்காரர் என்ற பட்டம்தான் மிஞ்சும். தட்டுப்பாட்டை உண்டாக்கியவர் எங்கோ இருப்பார்; ஏச்சு வாங்குவது எதிரில் நிற்கும் கடைக்காரர்தான். நமது தொழிலில் முதலைவிடப் பெரியது நாணயம். அதற்கு ஆபத்து வருவதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

ஐரோப்பா ஒத்திகை பார்த்த கதை

தட்டுப்பாட்டுக்கு ஒத்திகை பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஐரோப்பாவில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறோம். அங்கே எரிவாயு சிலிண்டரில் வருவதைவிடக் குழாயில் வருவதுதான் அதிகம். சமையலுக்கு மட்டுமின்றிக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றவும், ரொட்டி சுடவும், தொழிற்சாலை நடத்தவும் அந்தக் குழாய்தான். வழி வேறானாலும் பிரச்சினை ஒன்றே. இருப்பதை யாருக்கு முதலில் கொடுப்பது?

2009 ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் இடையே ஏற்பட்ட விலைத் தகராறில், உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குச் செல்லும் எரிவாயு ஏறத்தாழ இரண்டு வாரம் நின்றுபோயிற்று. கடுங்குளிர் நாட்களில் பல்கேரியா, செர்பியா போன்ற நாடுகள் பெரிதும் அவதிப்பட்டன. அந்த அடி வாங்கிய பிறகுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் எரிவாயுப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் செய்தது.

சட்டம் எழுதியதோடு நிற்கவில்லை. 2014இல் ஒரு தேர்வு வைத்தார்கள். ரஷ்ய எரிவாயு ஒரு மாதம் நின்றால் என்ன ஆகும், ஆறு மாதம் நின்றால் என்ன ஆகும் என்று 38 நாடுகள் கணக்குப் போட்டுப் பார்த்தன. பின்லாந்து, எஸ்டோனியா, மாசிடோனியா, போஸ்னியா, செர்பியா ஆகிய நாடுகளுக்குத் தேவையில் 60 சதவீதமாவது கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தது. இதைவிட முக்கியமான முடிவும் ஒன்று வந்தது. அவரவர் தம் கதவைச் சாத்திக்கொண்டால் பலவீனமான நாடுகள் விழுந்துவிடும். எல்லோரும் பகிர்ந்துகொண்டால், ஆறு மாதம் நின்றாலும் வீடுகளின் அடுப்பு அணையாது என்பதே அது. 2017இல் செய்த புதிய சட்டத்தில், தவிக்கும் பக்கத்து நாட்டுக்கு உதவியே ஆக வேண்டும் என்ற விதியையும் சேர்த்துவிட்டார்கள்.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அந்நாட்டில் மத்திய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து நடத்தும் ‘லூகெக்ஸ்’ என்ற நெருக்கடி ஒத்திகை 2004 முதல் நடந்து வருகிறது. 2018 நவம்பரில் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், தென் ஜெர்மனியில் எரிவாயுத் தட்டுப்பாடு. இதற்காக ஒரு குழாயையும் மூடவில்லை. ஒரு வீட்டையும் குளிரில் விடவில்லை. அதிகாரிகளும் நிறுவனத்தாரும் அவரவர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி, “குளிர் நீடிக்கிறது, குழாயில் அழுத்தம் குறைகிறது” என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த கற்பனைச் செய்திகளுக்கு உண்மையிலேயே நடந்ததுபோல முடிவெடுத்துப் பழகினார்கள். அது வெறும் கற்பனையும் அல்ல. 2012 பிப்ரவரியில் அடித்த குளிரில் தென் ஜெர்மனி அப்படி ஒரு நெருக்கடியை எட்டிப் பார்த்திருந்தது.

நான்கு ஆண்டு கழித்து உண்மைத் தேர்வு வந்தது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் ஏறத்தாழ 45 சதவீதம் ரஷ்யாவினுடையது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது போர் தொடங்கியது. ஜெர்மனியின் அவசரத் திட்டத்தில் முன்னெச்சரிக்கை, அபாய எச்சரிக்கை, அவசர நிலை என்று மூன்று படிகள் உண்டு. மார்ச் 30 அன்று முதல் படியையும் ஜூன் 23 அன்று இரண்டாம் படியையும் அறிவித்தார்கள். பால்டிக் கடல் குழாயில் வந்த எரிவாயு ஜூனில் 40 சதவீதமாகவும், ஜூலைக் கடைசியில் 20 சதவீதமாகவும் குறைந்து, ஆகஸ்டு முடிவில் அறவே நின்றது. ஐரோப்பிய நாடுகள் செலவை 15 சதவீதம் குறைப்பதென்று உடன்பாடு செய்துகொண்டன. நவம்பர் 1க்குள் சேமிப்புக் கிடங்குகளை 80 சதவீதம் நிரப்புவதென்று விதி செய்து, அதற்கு மேலாகவே நிரப்பின. கப்பலில் வேறு நாட்டு எரிவாயுவை வரவழைத்தன. அந்தக் குளிர்காலம் கடுமை குறைந்திருந்ததும் உதவியது. மூன்றாம் படிக்கு, அதாவது அரசே அளந்து கொடுக்கும் நிலைக்கு, ஜெர்மனி போகாமலே குளிர்காலம் கழிந்தது.

இதையெல்லாம் ஒத்திகைதான் சாதித்தது என்று நாம் சொல்லவில்லை. பணம் இருந்தது, கப்பல் கிடைத்தது, காலநிலையும் கைகொடுத்தது. ஆனால் யார் அறிவிப்பது, யார் முடிவெடுப்பது, யாருக்கு முதலில் குறைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் நெருக்கடி வந்த நாளில் உட்கார்ந்து விடை தேட வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. அதுதான் முன்கூட்டிப் பழகியதன் பலன்.

சிறு கடைக்கு வரிசையில் இடம்

வணிகர்களாகிய நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இனி வருவதுதான். ஐரோப்பியச் சட்டத்தில் ‘பாதுகாக்கப்பட்ட வாடிக்கையாளர்’ என்று ஒரு பட்டியல் உண்டு. தட்டுப்பாட்டில் இவர்களுக்குக் கடைசி வரை கொடுக்க வேண்டும். வீடுகள் எல்லாம் இதில் அடக்கம். அத்துடன், நாடுகள் விரும்பினால் சிறு, நடுத்தரத் தொழில்களையும் மருத்துவமனை போன்ற அவசியச் சேவைகளையும், மொத்தச் செலவில் 20 சதவீதத்துக்கு மேற்படாமல், அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 15 லட்சம் யூனிட் வரை எரிவாயு எடுக்கும் சிறு கடைகள், வீடுகளைப் போலவே வழக்கமான அளவில் செலவு செய்பவர்களாகக் கணக்கிடப்பட்டு, பாதுகாப்பு வரிசையில் வருகிறார்கள். பெரிய ஆலைக்குக் குறைத்த பிறகுதான் தெருமுனை ரொட்டிக் கடைக்குக் குறைக்கலாம்.

நமது நாட்டில் எப்படி? கமர்ஷியல் சிலிண்டர் என்றால் கமர்ஷியல்தான். ஐந்து நட்சத்திர ஓட்டலும் கமர்ஷியல். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒற்றை அடுப்பில் இட்லி சுடும் அம்மாவும் கமர்ஷியல். தட்டுப்பாடு வந்தால் வீட்டுக்கு முதலில் என்கிறார்கள். அதை நாம் மனமார ஏற்கிறோம். ஆனால் வீட்டுக்கு அடுத்தபடி யார்? ஆஸ்பத்திரி சமையற்கூடமா, மாணவர் விடுதியா, கூலி வேலைக்குப் போகிறவர் காலையில் சாப்பிடும் தள்ளுவண்டியா, பெரிய ஓட்டலா? இந்த வரிசை ஊரறிய எழுதப்பட வேண்டும். எழுதாத இடத்தில் பணமும் சிபாரிசும் வரிசையை எழுதிவிடும். அந்த வரிசையில் சிறு வியாபாரி எப்போதும் கடைசியில்தான் நிற்பார்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சரக்கு கிடைத்தால் மட்டும் போதாது. விலையும் தாங்க வேண்டும். 2022 செப்டம்பரில் வட ஜெர்மனியில் ரொட்டிக் கடைக்காரர்கள் கடை விளக்குகளை அணைத்துவிட்டு வியாபாரம் செய்து தங்கள் கஷ்டத்தை அரசுக்குக் காட்டினார்கள். எரிவாயு வந்துகொண்டுதான் இருந்தது. அதன் விலைதான் அவர்களை அமுக்கியது. ஆகவே ஒத்திகையில் இருப்புக் கணக்கோடு விலைக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் பார்த்தது

ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை. இலங்கையில் 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோயிற்று. எரிவாயுக் கப்பல் வந்து நின்றும் டாலர் கட்ட முடியாமல் சரக்கை இறக்க முடியவில்லை. 12.5 கிலோ சிலிண்டர் கொழும்பில் 2021 அக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய் ஆயிற்று. அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் கிடைக்கவில்லை. காலி சிலிண்டர்களோடு விடிய விடிய வரிசை. நடுரோட்டில் சிலிண்டர்களை அடுக்கி மறியல். பேக்கரிகளும் சாப்பாட்டுக் கடைகளும் மூடிக்கிடந்தன. அந்தக் கடைகளை நம்பி மாவும் சீனியும் எண்ணெயும் விற்றவர்கள் பட்ட பாட்டை எந்தப் பத்திரிகையும் தலைப்புச் செய்தியாகப் போடவில்லை. அவர்களும் நம்மைப் போன்ற மளிகைக்காரர்கள்தான்.

இதற்குச் சொல்லப்படும் தடைகள்

“ஒத்திகை என்று சொன்னாலே மக்கள் பயந்து போய்ச் சிலிண்டரை வாங்கிக் குவிப்பார்கள்” என்பது ஒரு வாதம். தீயணைப்பு ஒத்திகை பார்த்துவிட்டு யாரும் கடையைக் காலி செய்து ஓடவில்லை. விஷயம் தெரியாத மக்கள்தான் பயப்படுவார்கள். ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்த மக்கள் நிதானமாக இருப்பார்கள்.

“இது சர்க்கார் வேலை, எண்ணெய் நிறுவனங்களின் வேலை” என்பது இன்னொரு வாதம். துறைமுகத்தையும் ஆலையையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். நமது பேரேட்டையும் நமது வாடிக்கையாளரையும் அவர்கள் வந்து பார்க்க மாட்டார்கள்.

“கையில் நாலு சிலிண்டர் அதிகமாக வாங்கி வைத்தால் போகிறது” என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். இது ஆபத்தான பேச்சு. சிலிண்டர் விதிகளின்படி உரிமம் இல்லாமல் 100 கிலோவுக்கு மேல் சமையல் எரிவாயு வைத்திருக்கக் கூடாது. 19 கிலோ சிலிண்டர் ஐந்து சேர்ந்தால் 95 கிலோ. ஆறாவது வந்தால் விதிமீறல். அதைவிட, நெருக்கமான கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்த சிலிண்டர் பக்கத்துக் கடைக்காரருக்கும் எமன். வீட்டு சிலிண்டரைக் கடை அடுப்பில் மாட்டுவதும் 2000ஆம் ஆண்டின் வினியோக ஒழுங்குமுறை ஆணைப்படி குற்றம். தட்டுப்பாட்டு நாளில் இந்தக் குறுக்குவழிகளுக்கு ஆசைப்படாமல் இருக்க வேண்டுமென்றால், நேர்வழி எது என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பிற்பகல் போதும்

நமது கிளைச் சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு வார விடுமுறை நாளின் பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். சங்கக் கட்டிடமே போதும். டீ செலவைத் தவிர வேறு செலவு இல்லை. மளிகைக்காரர்கள், டீக்கடை, மெஸ், பேக்கரி நடத்துபவர்கள், கேஸ் ஏஜென்சிக்காரர், வட்ட வழங்கல் அலுவலர், தீயணைப்பு நிலைய அலுவலர், மின்வாரியப் பொறியாளர் ஆகியோரை அழைக்க வேண்டும். மூன்று உறைகளைத் தயாராக வைத்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதல் உறை: “இன்று முதல் 10 நாட்களுக்குக் கமர்ஷியல் சிலிண்டர் வராது.” இதைப் படித்ததும் ஒவ்வொருவரும் கீழ்க்கண்டவற்றுக்குக் காகிதத்தில் விடை எழுத வேண்டும்.

1. கையில் உள்ள எரிவாயு எத்தனை நாளுக்கு வரும்? எந்தப் பண்டத்தை நிறுத்தினால், எந்த நேரத்துக் கடையை மூடினால், எத்தனை நாள் கூடும்?

2. மாற்று அடுப்பு எது? கரண்ட் அடுப்பு என்றால் கடைக்கு வாங்கிய மின்பளு தாங்குமா? 2,000 வாட் அடுப்பு இரண்டு வைத்தால் 4 கிலோவாட். 2 கிலோவாட் இணைப்புள்ள கடையில் அதைப் போட்டால் ஒயர் கருகும். விறகு, கரி என்றால் புகை போக வழி உண்டா? மூடிய அறையில் கரி எரித்தால் விஷவாயு உயிரைக் கொண்டுபோய்விடும்.

3. மளிகைக்காரருக்கு: எந்தச் சரக்கு தேங்கும், எது பறக்கும்? எந்த ஆர்டரை நிறுத்திவைக்கச் சொல்லி மொத்த வியாபாரிக்கு இன்றே சொல்ல வேண்டும்?

4. பாக்கி: அடுப்பு அணைந்த வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் தவணை நீட்டலாம்? அதே நீட்டிப்பை மொத்த வியாபாரி நமக்குத் தருவாரா? இதை வாய்ப்பேச்சாக விடாமல் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு சங்கத்தின் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உறை: “அரிசி, எண்ணெய் கிடைக்காது என்று வதந்தி. ஒவ்வொரு கடை முன்பும் 50 பேர் நிற்கிறார்கள்.” ஒருவருக்கு எவ்வளவு என்ற அளவு என்ன? எல்லாக் கடையிலும் ஒரே விலைப் பலகை எழுதுவது யார்? காவல் நிலையத்துக்கும் வழங்கல் அலுவலருக்கும் போன் செய்வது யார்? சங்கத்தின் பெயரில் பேசுபவர் ஒருவராக இருக்க வேண்டும். பத்துப் பேர் பத்து விதமாகப் பேசினால் அதுவே வதந்தியாகிவிடும்.

மூன்றாம் உறை: “60 கமர்ஷியல் சிலிண்டர் மட்டும் வந்திருக்கிறது. கேட்டிருக்கும் கடைகள் 140.” யாருக்கு முதலில்? இதுதான் கடினமான உறை. இங்கே சத்தம் வரும், சண்டையும் வரலாம். வரட்டும். அறைக்குள் டீ குடித்துக்கொண்டு போடும் சண்டை, நடுத்தெருவில் காலி சிலிண்டரோடு போடும் சண்டையைவிட எவ்வளவோ மேல். ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்கும் முதலில் என்பதா, ஒற்றை அடுப்புக் கடைகளுக்கு ஒன்று வீதம் கொடுத்த பிறகு பெரிய கடைகளுக்கு என்பதா, இரண்டு கடைகள் சேர்ந்து ஓர் அடுப்பில் சமைத்துக்கொள்வதா என்று பேசி ஒரு வரிசையை எழுத வேண்டும். எழுதியதில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒத்திகை முடிந்ததும் எங்கே விடை கிடைக்கவில்லையோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வெற்றிடங்களைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனையும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடியும் ஒத்திகை, சரியாக நடக்காத ஒத்திகை என்றே கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு மீண்டும் நடத்தும்போது போன் எண் மாறியிருக்கும், ஏஜென்சி மாறியிருக்கும், புதுக் கடைகள் வந்திருக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை இது தேவை.

நாம் கேட்க வேண்டியவை

நமது பங்கைச் செய்துவிட்டுக் கேட்டால் நமது குரலுக்கு மதிப்புண்டு. அரசையும் எண்ணெய் நிறுவனங்களையும் பின்வரும் நான்கையும் கேட்போம்.

மாவட்ட அளவில் எரிவாயுத் தட்டுப்பாட்டுக்கென்றே ஆண்டுக்கு ஓர் ஒத்திகை நடத்த வேண்டும். அதில் வணிகர் சங்கத்துக்குப் பார்வையாளர் நாற்காலி போதாது. முடிவெடுக்கும் மேசையில் இடம் வேண்டும்.

வீடுகளுக்கு அடுத்தபடி யாருக்கு என்ற முன்னுரிமை வரிசையை எழுதி வெளியிட வேண்டும். ஒற்றை அடுப்புச் சிறு கடைகளுக்கு அதில் தனி வகுப்பு வேண்டும்.

தட்டுப்பாட்டு நாட்களில் எத்தனை சிலிண்டர் வந்தது, யாருக்குப் போயிற்று என்பதை ஏஜென்சி வாசல் பலகையில் தினமும் எழுத வேண்டும். கறுப்புச் சந்தைக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

எச்சரிக்கையைப் படிப்படியாக அறிவிக்க வேண்டும். கடைசி நாள் வரை “தட்டுப்பாடே இல்லை” என்று சொல்லிவிட்டு மறுநாள் கையை விரிப்பது வியாபாரிக்குச் செய்யும் அநீதி. முதல் படி எச்சரிக்கை வந்தால் நாம் கொள்முதலைக் குறைத்துக்கொள்வோம், பாக்கியை வசூலிப்போம், தயாராவோம்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நமது பெரியோர் வாக்கு. போட்ட அணை தண்ணீரைத் தாங்குமா என்று பார்த்து வைப்பதும் அதில் அடக்கம்தான். ஒவ்வொரு கிளைச் சங்கமும் அடுத்த மாதக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதை முதல் பொருளாகச் சேர்க்க வேண்டும். ஒத்திகை நடத்திய கிளைகள், விடை கிடைக்காத கேள்விகளை நமக்கு எழுதி அனுப்ப வேண்டும். அவற்றைத் தொகுத்து நமது கோரிக்கை மனுவோடு இணைத்தால், அந்த மனு வெறும் புலம்பலாக இல்லாமல் கணக்கோடு கூடியதாக இருக்கும். கணக்குப் பேசும் வணிகருக்கு எந்த அலுவலகத்திலும் மரியாதை உண்டு.